மூர்த்தி சுருட்டை விட்ட வைகாசி

மட்டக்களப்புக் களப்புக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒருவன், “தண்ணிக்குள்ள மீன் பாடுறது எனக்குக் கேட்குது” என்று சொன்னால் யாரும் அவனை வைத்தியரிடம் கூட்டிப் போகமாட்டார்கள். தேநீர் வாங்கிக் கொடுத்து, எந்த இடத்தில் கேட்டது, நிலவு இருந்ததா என்று விசாரிப்பார்கள். மீன் பாடுவது அந்தப் பக்கத்துப் பெருமை. அதனால் களப்பின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருந்த வினாயகமூர்த்திக்கு இளம் வயதில் வருத்தம் தொடங்கியபோது அதை ஒரு நோய் என்று கண்டுபிடிக்கவே வெகு நாளாயிற்று. வலை வீசப் போன இடத்தில் தண்ணீருக்குள்ளிருந்து பேச்சுக் கேட்கிறது என்றான். கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு அவனுடைய தோணியில் ஏறி, நன்றாக நனைந்துவிட்டுப் போனார்.

மீன்கள் தன்னைத் திட்டுகின்றன என்று அவன் சொன்ன அன்றுதான் அக்கா ஆச்சிப்பிள்ளை அடுப்பிலிருந்த பானையை இறக்கி வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்னடா சொல்லித் திட்டுதுகள்?”

“சொல்ல ஏலா அக்கா. நீ பொம்பிளை.”

“நம்மட குடும்பத்தை இழுக்குதுகளா?”

“அம்மாவில தொடங்கி எல்லாரையும்.”

“அப்ப அது மீன் இல்ல. மீனுக்கு நம்மட வீட்டுக் கதை தெரியாது. வெளிக்கிடு,” என்றாள் ஆச்சிப்பிள்ளை. அடுத்த பஸ்ஸில் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

வருத்தத்துக்குப் பெயர் மனச்சிதைவு. பெயர் கிடைத்ததும் சுகம் கிடைத்துவிடவில்லை. முதலில் விழுங்கக் கொடுத்த குளிசை மூர்த்தியை விறகுக்கட்டையாக்கியது. கை வீசாமல் நடந்தான். அடுத்த குளிசை அவனைப் பானையாக்கியது. வயிறு முன்னால் வர, அவன் பின்னால் வந்தான். குரல்கள் மட்டும் இரண்டுக்கும் அசையவில்லை. “அதுகளுக்கும் சேர்த்துக் குளிசை குடுத்தாத்தான் சரி,” என்று அவனே சொல்லித் திரிந்தான். வருத்தத்திலும் அவனுடைய வாய் மட்டும் நோகவில்லை.

கடைசியில் களுவாஞ்சிக்குடிக் கிளினிக்கில் குளோசபின் என்ற குளிசைக்கு மாற்றினார்கள். மற்றவை கேட்காத இடத்தில் கொடுப்பது அது. கெட்டிக்காரக் குளிசை, ஆனால் கண்காணிப்பு வேண்டும். சிலருக்கு இரத்தத்தில் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும் என்பதால் முதலில் கிழமைக்குக் கிழமை, பிறகு மாதத்துக்கு மாதம் இரத்தம் பார்க்கவேண்டும். “என்ட ரத்தத்தைப் பாக்காம எனக்குக் குளிசை தரமாட்டாங்க. கலியாணத்துக்குச் சாதகம் பாக்கிற மாதிரி,” என்பான் மூர்த்தி.

சில மாதம் கழித்து ஒரு நாள் வலையை வீசிவிட்டுக் காத்திருந்தபோது தண்ணீர் வெறும் தண்ணீராக இருந்தது. நெடுநேரம் காதைக் கொடுத்துப் பார்த்தான். இறால் துள்ளும் சத்தம்தான். வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னான்: “வாடகை குடுக்காம இருந்தவனுகள் எழும்பிப் போயிட்டானுகள். போறம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லல்ல.”

சும்மா போகவில்லை. நித்திரையில் வாய்நீர் வடிந்து தலையணையே இன்னொரு களப்பாயிற்று. காலையில் எழும்ப முடியவில்லை. வெள்ளாப்பில் தோணி இறக்கும் ஊரில் இவன் கண் விழிக்கும்போது மீன் விற்று முடிந்திருக்கும். ஆகவே தொழிலை அந்திக்கு மாற்றி, நண்டும் இறாலும் பிடித்தான். அடுத்தது மலச்சிக்கல். இந்தக் குளிசை குடலைச் சோம்பேறியாக்கும். கவனிக்காமல் விட்டால் குடல் அடைத்து ஆளே போய்விடலாம். கிளினிக்கில் இதைக் கேட்ட நாளிலிருந்து ஆச்சிப்பிள்ளை வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டாள். பப்பாசி, குரக்கன், கீரை என்று கொடுத்ததோடு, தினமும் வேலிக்கு இப்பால் நின்று குரல் கொடுப்பாள்:

“டேய் மூர்த்தி, வெளிக்குப் போனியா?”

“போனன் அக்கா. ரேடியோவில சொல்லச் சொல்லு,” என்று தோணித்துறையிலிருந்து பதில் வரும்.

இப்படித்தான் அவனுக்கு வயது ஐம்பதாயிற்று. கலியாணம் இல்லை. கெட்ட பழக்கம் ஒன்றுதான், சுருட்டு. எழும்பினால் ஒன்று, தேநீருக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, அக்கா ஏசினால் ஒன்று. கிளினிக்கில் தாதி றிஸானா ஒருமுறை அவனை இருத்தி வைத்துச் சொன்னாள்:

“அண்ணன், சுருட்ட விட்டா நல்லம்தான். ஆனா விடுறதெண்டா எங்களுக்குச் சொல்லிட்டு விடுங்க. சுருட்டுப் புகை இந்தக் குளிசைய உடம்பில நிக்க விடாம எரிச்சிரும். நீங்க புகைக்கிறதப் பாத்துத்தான் டொக்டர் அளவு போட்டிரிக்காரு. திடீரெண்டு புகைய நிப்பாட்டினா அதே குளிசை உடம்பில கூடிப்போகும். விளங்கினா?”

மூர்த்திக்கு நன்றாக விளங்கியது. பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்தான்.

“அக்கா, மிஸ்ஸி சொல்லிட்டா. நான் சுருட்டை விடப்படாதாம். விட்டா உசிருக்கே ஆபத்தாம்.”

“ஓம் ஓம். சாராயமும் எழுதித் தந்திருப்பாவே,” என்றாள் ஆச்சிப்பிள்ளை. உண்மையைப் பொய் போலச் சொன்னால் இதுதான் நடக்கும்.

அவர்களுடைய ஊர் அம்மன் கோயில் வருஷத்துக்கு ஒருமுறை, வைகாசியில்தான் கதவு திறக்கும். ஒரு கிழமை, ஏழு நாள், சடங்கு நடந்து, குளிர்த்தி என்ற கடைசி நாளோடு பூட்டிவிடுவார்கள். அந்தக் கிழமையில் ஒவ்வொரு குடிக்கும் ஒவ்வொரு உரிமை. குடி என்பது தாய்வழியில் வரும் குலம். மூர்த்தியின் குடிக்குரியது மடைப்பெட்டி: பழம், பாக்கு, வெற்றிலை, பூ, பச்சையரிசி எல்லாம் அடுக்கிய ஓலைப்பெட்டியை வெள்ளைத்துணியால் மூடி, குளிர்த்தி அன்று அந்தியில் தலையில் சுமந்து கோயிலில் கொண்டு போய் வைப்பது. சுமப்பவன் அந்தக் குடியின் ஆணாக இருக்கவேண்டும்.

வருத்தம் முற்றியிருந்த காலத்தில் ஒரு வருஷம் மூர்த்திதான் பெட்டியைச் சுமந்தான். பாதி வழியில், பெட்டிக்குள் இருப்பது உன்னுடைய தலைதான் என்று குரல் சொல்லிற்று. அவன் பெட்டியோடு களப்புக்குள் ஓடி, அதைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தான். வாழைப்பழங்கள் மிதந்தன. அதற்குப் பிறகு அவனை யாரும் கேட்கவில்லை. அதே குடியில் தூரத்து உறவான நிதுர்ஷன் என்பவன்தான் வருஷாவருஷம் சுமந்தான். இந்த வருஷம் நிதுர்ஷன் கட்டாருக்குப் போய்விட்டான். குடியில் மிஞ்சியிருந்த ஆண் மூர்த்தி ஒருவன்தான்.

கோயில் நிர்வாகம் வண்ணக்கர் பூபாலபிள்ளையின் கையில். மூர்த்திக்கு மச்சான் முறை. மூர்த்தி நேரே போய்க் கேட்டான்.

“பெட்டியை நான் தூக்கிறன் மச்சான்.”

“தூக்கி எங்க கொண்டு போவாய்? போன முறை மீனுக்கெல்லாம் பழம் குடுத்தாய்.”

“அப்ப எனக்கு வருத்தம். இப்ப குளிசையில இரிக்கன். நீதான் குளிசை இல்லாம இப்பிடி இரிக்காய்.”

வண்ணக்கர் யோசித்தார். ஆளில்லாமல் பெட்டி வராவிட்டால் பழி அவர் தலையில் விழும். “சரி. ஆனா கதவு திறந்த அண்டு காப்புக் கட்டணும். குளிர்த்தி முடியுமட்டும் கோயில்லதான் படுக்கை. மீன், இறைச்சி எண்டு மச்சம் ஒண்டும் இல்ல, சுருட்டு இல்ல. ஊர் எல்லையைத் தாண்டப்படாது. ஒண்டு பிசகினாலும் பெட்டியில கை வைக்க ஏலா.”

மூர்த்தி ஒப்புக்கொண்டான். ஊரில் யாராவது அவனைப் பற்றிப் பேசினால் ‘பெட்டியைத் தாட்ட மூர்த்தி’ என்றுதான் தொடங்குவார்கள். ஒருமுறை, ஒரே ஒருமுறை, பெட்டியைச் சுமந்துகொண்டு நேராக நடந்து போய், வைக்கவேண்டிய இடத்தில் வைத்துவிட வேண்டும். வேறு ஆசை அவனுக்கு இல்லை. அதற்காகச் சுருட்டை விடுவது பெரிய காரியமா? கதவு திறந்த அன்று கையில் காப்புக் கட்டினார்கள். இடுப்பிலிருந்த சுருட்டுக் கட்டை அக்காவிடம் கொடுத்தான். ஆச்சிப்பிள்ளைக்குச் சந்தோஷம். றிஸானா சொன்னது அவளுக்கு நினைவில் இல்லை. நினைவிருந்தாலும் அதைத் தம்பியின் புளுகு என்றுதான் வைத்திருந்தாள். குளிசை மருந்து, விரதத்துக்கு இடைஞ்சல் இல்லை என்று பூசை செய்யும் கட்டாடியார் சொல்லிவிட்டதால், வழக்கமான அளவை அவளே இரவுதோறும் கொண்டு போய்க் கொடுத்தாள். கோயிலில் வைத்து வேலிக் கேள்வியை மட்டும் கேட்கவில்லை.

முதல் இரண்டு நாளும் மூர்த்தி சுருட்டை நினைத்து வெற்றிலையை மென்றான். அதற்குப் பிறகு உடம்பு கனக்கத் தொடங்கியது. சேற்றில் ஏறிய தோணி போல, தள்ளத் தள்ள நகரவில்லை. பகலிலும் வாய்நீர் ஒழுகியது. எழும்பினால் நிலம் சரிந்தது. நாக்கு தடித்து, சிரிப்பு மூட்டச் சொல்ல நினைத்த பகிடி வாசலுக்கு வருமுன் திரும்பிப் போயிற்று.

நாலாம் நாள் கோயில் மண்டபத்தில் அம்மனின் காவியம் படித்துக்கொண்டிருந்தார்கள். உடுக்குச் சத்தம் ஏறியது. தூணில் சாய்ந்திருந்த மூர்த்தி, முகம் கழுவினால் நித்திரை கலையும் என்று எண்ணி எழும்பினான். கால் பின்னிக்கொண்டது. ஒரு கை தானாக வெட்டி இழுத்தது. தலை ஆடியது. வாய்நீர் நெஞ்சில் வழிந்தது.

ஒரு பெண் குரவை இட்டாள்.

“தாய் வந்திட்டா,” என்றார் யாரோ.

அந்தக் குடியில் தெய்வம் ஏறி ஆடியவர் இறந்து பல வருஷம். அடுத்தது யாரிடம் வரும் என்று ஊர் காத்திருந்தது. இதோ, பெட்டியைத் தாட்ட மூர்த்தியிடமே வந்துவிட்டாள். இடுப்பில் சிவப்புத் துணி கட்டினார்கள், நெற்றி நிறையத் திருநீறு பூசினார்கள், கையில் வேப்பிலை திணித்தார்கள். “நித்திரை வருகுது, விடுங்கடா,” என்று மூர்த்தி சொல்ல முயன்றான். வெளியே வந்தது ஒரு முனகல். கூட்டம் கைகூப்பியது.

முதலில் ஒரு விவசாயி முன்னால் வந்து, காணாமற்போன எருமையைப் பற்றி வாக்குக் கேட்டார். மூர்த்திக்கு அவர் யார் என்றே தெரியவில்லை. “அக்கா... அக்காவைக் கூப்பிடுங்க,” என்றான், கஷ்டப்பட்டு. விவசாயி உடனே வெல்லாவெளியில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் எடுத்தார். எருமை அக்காவின் வாழைத்தோட்டத்தில் நின்று தின்றுகொண்டிருந்தது.

அதோடு முடிந்தது மூர்த்தியின் நிம்மதி. வெளிநாட்டு விசா, மகளின் கலியாணம், வயல்வட்டையில் வாய்க்கால் சண்டை என்று ஆட்கள் வரிசையில் வந்தார்கள். அவன் “தண்ணி” என்றால் மழை வரும் என்றார்கள். அவன் கண்ணை மூடினால் அம்மன் யோசிக்கிறாள் என்றார்கள். குறட்டை விட்டபோது மட்டும் கொஞ்சம் குழம்பி, பிறகு அதற்கும் ஒரு பொருள் கண்டுபிடித்தார்கள்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் வண்ணக்கர் பூபாலபிள்ளை தனியே வந்து, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, மூர்த்தியின் காதருகே குனிந்தார்.

“தாயே, பிழை பொறுக்கணும். விரதத்தோட நேத்து உடுப்பு மாத்த வீட்ட போனன். மருமகன் நண்டு கொண்டு வந்திரிக்கான். ஆணம் கொதிக்கிற வாசத்தில... கால் மட்டும்தான் தாயே திண்டன். உடம்பை நான் தொடல்ல.”

மூர்த்தியின் உடம்புதான் கனத்ததே தவிர காது நன்றாக வேலை செய்தது. சிரிப்பு அடி வயிற்றிலிருந்து புறப்பட்டு வந்தது. ஆனால் உதட்டுக்கு வந்து சேர்ந்தது வாய்நீர்தான். அம்மன் மன்னித்துவிட்டாள் என்று வண்ணக்கர் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

செய்தி கேட்டு ஆச்சிப்பிள்ளை வீட்டிலிருந்து வந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு நுழைந்தாள். சிவப்புத் துணியையும் வேப்பிலையையும் தாண்டி முதலில் தம்பியின் கண்ணைப் பார்த்தாள். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

“டேய், வெளிக்குப் போனியா?”

சுற்றி நின்றவர்கள் திடுக்கிட்டார்கள். “அம்மனிட்ட கேட்கிற கேள்வியா அக்கா இது?” என்றார் வண்ணக்கர்.

மூர்த்தி மெதுவாகத் தலையை ஆட்டினான். இல்லை. நாள் கணக்காக இல்லை. பகிடி ஒன்றும் வரவில்லை.

ஆச்சிப்பிள்ளையைக் கலக்கியது அதுதான். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு அவன் பதிலடி கொடுக்காமல் விட்டதில்லை. கோயில் கிணற்றடிக்குப் போய்ப் போனில் றிஸானாவைப் பிடித்தாள்.

“மிஸ்ஸி, மூர்த்தி ஒரு மாதிரி கிடக்கான். பகலெல்லாம் தூங்கி வழியிறான். வாய்நீர் ஊத்துது, கை வெட்டி இழுக்குது. கோயிலில அம்மன் வந்திட்டா எண்டுறாங்க.”

“குளிசைய ஒழுங்கா எடுக்காரா?”

“நான்தான் குடுக்கிறன்.”

“சுருட்டு?”

“அத விட்டுட்டான். விரதம்.”

“நான் அவருட்ட சொன்னனே அக்கா, சொல்லாம விடக்கூடாதெண்டு. அவரு உங்களுக்குச் சொல்லலியா?”

“சொன்னான். புளுகு எண்டு நினைச்சன்.”

“குளிசை உடம்பில கூடிப்போச்சு. இப்படியே விட்டா வலிப்பு வரலாம். நீங்களா ஒண்டும் செய்ய வேணாம். இப்பவே ஆளக் கொண்டு வாங்க, டொக்டரிட்ட நான் சொல்லி வைக்கன்.”

ஆச்சிப்பிள்ளை திரும்பி வந்து மண்டபத்தின் நடுவில் நின்று சொன்னாள். வண்ணக்கர் கையை விரித்தார்.

“ஏலாது அக்கா. காப்புக் கட்டினவன் எல்லை தாண்டப்படாது. அதுவும் தாய் ஏறின உடம்பு. களப்பு கடந்து கொண்டு போனா ஊருக்கே குத்தம்.”

“உடம்புக்குள்ள ஏறினது தாய் இல்ல, குளிசை.”

“எருமையைக் கண்டுபிடிச்சது குளிசையா?”

கூட்டம் வண்ணக்கர் பக்கம் தலையாட்டியது. கட்டாடியார் தாடியைத் தடவினார். ஆச்சிப்பிள்ளை எவ்வளவு ஏசியும் தோள் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை.

மூர்த்திக்கு எல்லாம் கேட்டது. வலிப்பு என்ற சொல் கேட்டது. எல்லை தாண்டினால் பெட்டி போய்விடும் என்பதும் கேட்டது. தாண்டாவிட்டால் பெட்டியைச் சுமக்கத் தலையே மிஞ்சாமல் போகலாம். இவர்கள் அக்காவின் சொல்லைக் கேட்கமாட்டார்கள், அவனுடைய சொல்லையும் கேட்கமாட்டார்கள். ஆனால் வேறொருத்தியின் சொல்லைக் கேட்பார்கள். தாயே, ஒரு முறைக்கு மட்டும் உன் பெயரைக் கடன் தா, பிறகு தண்டனை கொடு என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, இரண்டு கையாலும் தூணைப் பிடித்து எழும்பினான். நாக்கை ஒரு கல்லைப் புரட்டுவது போலப் புரட்டினான்.

“டேய் பூபாலா.”

வண்ணக்கரை அப்படிக் கூப்பிட அவருடைய தாயும் இப்போது உயிரோடு இல்லை.

“சொல்லு தாயே.”

“என்னை... களுவாஞ்சிக்குடிக்குக் கொண்டு போ.”

“களுவாஞ்சிக்குடியில எந்தக் கோயிலுக்குத் தாயே?”

“கிளினிக்குக்கு.”

வண்ணக்கர் கட்டாடியாரைப் பார்த்தார். கட்டாடியார் முதல் முறையாக வாயைத் திறந்தார். “வாக்கு எண்டா வாக்குத்தான். எருமைக்கு ஒரு வாக்கு, கிளினிக்குக்கு ஒரு வாக்கா? கொண்டு போங்க.”

பிறகு ஒரு சுணக்கமும் இல்லை. அம்மனைக் கால்நடையாக விடக்கூடாது என்று கதிரையில் இருத்தித் தூக்கினார்கள். துறையில் ‘பாதை’ நின்றது. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றி அக்கரைக்குப் போகும் இரும்பு மிதவைக்கு அங்கே அதுதான் பெயர். அம்மன் வருகிறாள் என்று மோட்டார் சைக்கிள்காரர்கள் இறங்கி வழிவிட்டார்கள். உடுக்கும் குரவையும் களப்பு நீளத்துக்குக் கேட்டன. ஆச்சிப்பிள்ளை மட்டும் கிளினிக் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, தம்பியின் தலை பின்னால் சரியாமல் தாங்கி நின்றாள்.

கிளினிக்கில் காத்திருந்தவர்களில் பாதிப்பேர் எழும்பி நின்றார்கள். றிஸானா ஒரு முறை பார்த்தாள், சிரிக்கவில்லை. உடுக்குக்காரரை வெளியே நிற்கச் சொன்னாள். திருநீற்றை ஈரத்துணியால் துடைத்துவிட்டு நாடியைப் பிடித்தாள்.

“எந்தக் கையில ஊசி குத்த?” என்று கேட்டாள்.

“காப்பு இல்லாத கையில,” என்று மூர்த்தி குழறினான்.

“சுருட்ட விடுறதெண்டா சொல்லிட்டு விடச் சொன்னனே அண்ணன்.”

“சாமிக்கு... சொல்லிட்டுத்தான் விட்டன்.”

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற ஆச்சிப்பிள்ளைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பகிடி திரும்பிவிட்டது.

இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் வயர் பொருத்தினார்கள், வயிற்றைத் தட்டிப் பார்த்தார்கள். டொக்டர் குளிசையின் அளவைக் குறைத்து, வயிறு இளக மருந்து கொடுத்து, வார்டில் வைத்துக் கவனிக்கச் சொன்னார். புகைப்பதை மறுபடி தொடங்கினாலும் சொல்லவேண்டும், தொடங்காவிட்டால் இன்னும் நல்லது என்றார். மூர்த்தி நாள் முழுதும் தூங்கினான். விழித்தபோது நிலம் சரியவில்லை. வெளிக்கும் போனான். அந்தச் செய்தியைக் கேட்டு ஆச்சிப்பிள்ளை வார்டில் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தாள். றிஸானாதான் அவளுக்கு எச்சரிக்கை சொன்னாள்: “அளவு குறைஞ்சிரிக்கு. பழைய குரல் ஏதும் எட்டிப் பாக்குதா எண்டு கவனிங்க. ஒண்டு கேட்டாலும் மறைக்க வேணாம்.”

குளிர்த்தி அன்று மத்தியானம் அவர்கள் அதே ‘பாதை’யில் களப்பைக் கடந்து திரும்பினார்கள். வண்ணக்கர் துறையிலேயே காத்திருந்தார். கையில் புதுச் சிவப்புப் பட்டு.

“கட்டு மச்சான். அந்திக்கு நீதான் தெய்வம் ஆடணும். எட்டு ஊரிலயிருந்து சனம் வாக்குக் கேட்க வருகுது.”

“நான் ஆட வரல்ல. பெட்டி தூக்க வந்தனான்.”

“பெட்டியா? நீ எல்லை தாண்டினவன். மறுகா தாய் ஏறின ஆள் பெட்டி தூக்கிறது வழக்கமும் இல்ல. பெட்டிக்கு வேற குடியில ஒருத்தனைப் பாத்தாச்சு.”

ஆச்சிப்பிள்ளை சேலையை இழுத்துச் செருகினாள். மூர்த்தி அவளைக் கையால் தடுத்து, வண்ணக்கரை மாமரத்தின் பின்னால் கூட்டிப் போனான்.

“மச்சான், எல்லை தாண்டினது ஆரு?”

“நீ.”

“கதிரையில தூக்கி, உடுக்கு அடிச்சு, ஆரைக் கொண்டு போனீங்க?”

“அம்மனை.”

“அப்ப நான் தாண்டல்ல. அம்மன் இல்ல எண்டா அதையும் இப்பவே சனத்துக்குச் சொல்லு. விசாக்காரனும் எருமைக்காரனும் உன்னைத் தேடித்தான் வருவாங்க.”

வண்ணக்கர் பட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். “அது சரி. ஆனா நீ விரதம்... கிளினிக்கில என்னத்தைத் திண்டியோ.”

“சோறும் பருப்பும். மச்சம் தொடல்ல.” மூர்த்தி குரலைத் தாழ்த்தினான். “மச்சான், நண்டுட காலை எப்பிடி உடைப்பாய்? பல்லாலயா, அம்மிக்குழவியாலயா?”

பூபாலபிள்ளையின் முகத்தில் திருநீறு மட்டும் நிறம் மாறாமல் இருந்தது. “உனக்கு அதெல்லாம் கேட்டதா?”

“குளிசை கூடினா நாக்குத்தான் படுக்கும். காது படுக்காது.”

“அக்காவுக்குச் சொல்லிட்டியா?”

“இன்னும் இல்ல. அவ வேலிக்கு இப்பால நிண்டு ஊருக்கே கேட்கத்தான் பேசுவா. உனக்குத் தெரியும்.”

அந்தியில் மடைப்பெட்டி மூர்த்தியின் குடியின் மூத்த வீட்டிலிருந்து புறப்பட்டது. அதைச் சுமந்தவன் மூர்த்தி.

பெட்டி நினைத்ததை விடக் கனமாக இருந்தது. பட்டு இல்லை, வெள்ளை வேட்டிதான். முன்னால் உடுக்கு, பின்னால் பெண்கள், இரண்டு பக்கமும் ஊர். களப்பு ஓரத்து வழி வந்தபோது முதுகில் வியர்வை குளிர்ந்தது. முன்பு இந்த இடத்தில்தான் அந்தக் குரல் பேசியது. அளவு குறைந்த குளிசை உடம்பில் இருக்கிறது. பேச நினைத்தால் பேசட்டும் என்று மூர்த்தி நடையை நிறுத்தாமல் காதைத் திறந்து வைத்தான். உடுக்குக் கேட்டது. குரவை கேட்டது. ஒரு குழந்தை பலூன் கேட்டு அழுதது. “மெல்லமாப் போடா, ஓட்டப்பந்தயமா?” என்று பின்னாலிருந்து அக்கா ஏசியது கேட்டது. எல்லாம் வெளியிலிருந்து வந்த சத்தம். வேறு ஒன்றும் இல்லை. தண்ணீர் வலப்பக்கம் கிடந்தது. அவன் நேராக நடந்தான்.

கோயில் வாசலில் கட்டாடியார் பெட்டியில் கை வைத்து இறக்கினார். துணியை விலக்கிப் பழத்தை எண்ணாமலே, “குறையில்ல,” என்றார்.

தலை இலேசாகிவிட்டது. கழுத்தைத் திருப்பி நெட்டி முறித்துக்கொண்டு மூர்த்தி வெளியே வந்தான். தூர ஊரிலிருந்து வாக்குக் கேட்க வந்த கிழவி ஒருத்தி அவனை வழிமறித்து முகத்தை உற்றுப் பார்த்தாள். எதிர்பார்த்தது எதுவும் அங்கே இல்லை.

“என்ன மனே, இவ்வளவு உடுக்கு அடிச்சும் உனக்கு ஒண்டும் வரல்லையா?”

“வருகுது ஆத்தை,” என்றான் மூர்த்தி.

பக்கத்தில் நின்றவர்கள் ஓரடி விலகினார்கள். ஒருவர் வேப்பிலைக்குக் கையை நீட்டினார்.

“பசி,” என்று சொல்லிவிட்டு அவன் பொங்கலுக்கு நின்றவர்களோடு போய் நின்றான்.